கைக்கு இசைந்த ஆர்கேட் பலகை: ஜாய்ஸ்டிக்கையும் பொத்தான்களையும் இடம் குறித்துப் பொருத்தும் முழுமையான வழிகாட்டி

வீட்டிலேயே ஆர்கேட் பெட்டி (காசு போட்டு ஆடும் வகை வீடியோ கேம் பெட்டி) செய்பவர்கள் மரவேலைக்கும் திரைக்கும் செலவிடும் கவனத்தில் பாதியைக்கூடக் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தருவதில்லை. பெட்டியின் மற்ற பகுதிகளையெல்லாம் கண்ணால் பார்க்கிறோம். இந்த ஒரு பலகையின் மேல்தான் மணிக்கணக்கில் கைகளை வைத்திருக்கிறோம். இதில் ஓர் அங்குலப் பிழை நேர்ந்தாலும் அரை மணி நேரத்துக்குள் மணிக்கட்டு அதைச் சொல்லிவிடும். துளை போட்ட பிறகு அதைத் திருத்துவதற்குப் புதிய பலகை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஜாய்ஸ்டிக், பொத்தான் ஆகியவற்றின் இடத்தைக் குறிப்பது முதல் துளையிட்டுப் பொருத்துவது வரையிலான வேலையை இந்த வழிகாட்டி விளக்குகிறது. ஒரு படியில் கிடைக்கும் அளவு அடுத்த படிக்குத் தேவைப்படுவதால், படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பலகையை முதலில் வெட்டிவிட்டு, அதன் பரப்புக்குள் பொத்தான்களை அழகாகப் பரப்ப முயல்கிறார்கள். கையில் தொடங்கிப் பலகையின் வடிவத்துக்கு வந்து சேர்வதே சரியான திசை.

1. தொடங்கும் முன் திரட்ட வேண்டியவை

பயன்படுத்தப்போகும் ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் முதலில் கைக்கு வந்திருக்க வேண்டும். கடைக்காரரின் படத்தை நம்பி அளவு குறிக்காதீர்கள். ஜப்பானிய வகைப் பொத்தான்களில் முதன்மைப் பொத்தானுக்கு 30 மி.மீ. துளையும், ஸ்டார்ட் போன்ற சிறிய பொத்தானுக்கு 24 மி.மீ. துளையும் தேவை. அமெரிக்க வகைப் பொத்தானுக்கு வேண்டியது 1⅛ அங்குலம், அதாவது ஏறத்தாழ 28.6 மி.மீ. துளை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்குப் போட்ட துளையில் மற்றொன்று ஆடும் அல்லது நுழையவே நுழையாது.

பொத்தான் வாங்கும்போதே பலகையின் தடிமனையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அழுத்திப் பொருத்தும் வகையின் பக்கவாட்டுக் கொக்கிகள் மெல்லிய தகட்டைப் பற்றுவதற்காகவே அமைந்தவை, 18 மி.மீ. பிளைவுட்டில் அவை எதையும் பற்றாமல் மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். தடித்த மரத்துக்குத் திருகுவளையம் உள்ள நீண்ட கழுத்துப் பொத்தானே ஏற்றது.

இவை தவிர, பெரிய அட்டைப் பெட்டி ஒன்று, கறுப்புத் தாள், சாக்குத்தூள் (சாக்பீஸ் தூள்), மூலைமட்டம், எஃகு அளவுகோல், காம்பஸ், மையக்குத்தி, ஃபார்ஸ்ட்னர் பிட்டுகள் (மரத்தில் அகலமான வட்டத் துளை போடும் பிட்டுகள்), கிளாம்புகள், உதவாத மரத்துண்டுகள் ஆகியவை வேண்டும். அட்டைப் பெட்டியை வேண்டாத பொருளாகக் கருதிவிடாதீர்கள். இந்த வேலையில் மிக அதிகமாகப் பணம் மிச்சப்படுத்தித் தருவது அதுதான்.

2. எந்த விளையாட்டுகள் என்பதை எழுதி வையுங்கள்

நீங்கள் உண்மையிலேயே விளையாடப்போகும் பத்து விளையாட்டுகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குத் தேவைப்படும் கட்டுப்பாடுகளைக் குறியுங்கள். இந்தப் பட்டியல் இல்லாமல் தொடங்குபவர்கள், எப்போதாவது தேவைப்படலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் கை வைக்க இடமில்லாத பலகையை உருவாக்கிவிடுகிறார்கள்.

கட்டுப்பாடுகள் விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடும். 1980-இல் வந்த பேக்-மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக் ஒன்று போதும், பொத்தானே வேண்டாம். 1979-இன் ஆஸ்டராய்ட்ஸ் இதற்கு நேரெதிர்: ஜாய்ஸ்டிக் இல்லை, ஐந்து பொத்தான்கள் மட்டுமே. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் மேல்வரிசையில் மூன்று குத்துகள், கீழ்வரிசையில் மூன்று உதைகள் என ஆறு பொத்தான்கள் உண்டு. இடமிருந்து வலமாக வலிமை கூடிக்கொண்டே போகும். 1992-இன் மார்ட்டல் கோம்பாட்டில் நடுவில் தடுப்புப் பொத்தானும் அதன் நான்கு மூலைகளிலும் தாக்குதல் பொத்தான்களும் இருக்கும்.

பட்டியலில் பெரும்பான்மையாக இருக்கும் வகையே பலகையின் அமைப்பைத் தீர்மானிக்கட்டும். ஒருவருக்கு ஆறு பொத்தான்கள் என்ற அமைப்பு, பட்டியலில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்கும். ஒரே ஒரு விளையாட்டுக்காக ஏழாவது பொத்தானைச் சேர்க்க நினைத்தால், அந்த விளையாட்டைக் கடந்த மாதத்தில் எத்தனை முறை ஆடினீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

3. பலகையின் உயரமும் சாய்வும்

பொத்தான்களின் இடத்துக்கு முன்னதாக உயரத்தை முடிவு செய்ய வேண்டும். உயரம் மாறினால் முன்கை பலகையின் மேல் வந்து சேரும் கோணமும் மாறும். கோணம் மாறினால் விரல்கள் விழும் இடமும் மாறிவிடும்.

நின்று ஆடும் பெட்டியென்றால், காலணியோ வெறுங்காலோ, வழக்கமாக ஆடும் நிலையிலேயே நிமிர்ந்து நின்று, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தை இன்னொருவர் அளக்கட்டும். அதிலிருந்து 5 முதல் 10 செ.மீ. குறைத்தால் கிடைப்பதே பலகையின் முன்விளிம்புக்கு ஏற்ற உயரம். அதைவிட உயர்ந்தால் தோள்கள் மேலே ஏறிக்கொள்ளும். மிகவும் தாழ்ந்தால் முதுகு வளையும். வீட்டில் உயரம் வேறுபட்டவர்கள் ஆடுவார்களானால் உயரமானவருக்குப் பொருத்தி வைத்து, குள்ளமானவருக்கு உறுதியான கால்பலகை ஒன்றைச் செய்து கொடுங்கள். தாழ்ந்த பலகையை உயரமானவருக்கு ஏற்றதாக்க எந்த வழியும் கிடையாது.

சாய்வு சிறிதளவு போதும். 300 மி.மீ. ஆழமுள்ள பலகையின் பின்விளிம்பை 30 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 6 பாகைச் சாய்வு கிடைக்கும். மணிக்கட்டு நேராக இருப்பதற்கு அது போதுமானது. சாய்வைக் கூட்டக் கூட்ட, கை பின்னோக்கி மடங்கியபடியே ஆட வேண்டியிருக்கும்.

4. ஜாய்ஸ்டிக்கின் இடம்

பலகையில் முதலில் குறிக்க வேண்டிய புள்ளி ஜாய்ஸ்டிக்கின் மையம். பொத்தான்களை அதிலிருந்துதான் அளக்கப்போகிறோம்.

முடிவு செய்த உயரத்தில் ஒரு மேசையையோ பெட்டியையோ வைத்து, அதன்மேல் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பிடியில் குமிழைப் பற்றியபடி, உள்ளங்கையின் அடிப்பகுதியும் மணிக்கட்டும் பரப்பின் மேல் இயல்பாகப் படியட்டும். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து குமிழின் மையம் வரையுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஜாய்ஸ்டிக்கின் மையம் முன்விளிம்பிலிருந்து இந்தத் தூரத்தைவிட 20 மி.மீ.யாவது உள்ளே அமைய வேண்டும். வளர்ந்தவர்கள் பலருக்கு மொத்தத்தில் 120 முதல் 150 மி.மீ. வரை வரும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கட்டின் உட்பக்கம் பலகையின் கூர்விளிம்பில் அழுந்தினால் வலி நிச்சயம். மையம் போதிய அளவு உள்ளே இருந்தால் விளிம்பு முன்கையின் சதைப்பகுதியில் படும். அங்கே அழுத்தம் பரவிவிடும். நான் கண்ட பிழைகளில் மிகவும் பரவலானது, ஜாய்ஸ்டிக்கை முன்விளிம்புக்கு 70, 80 மி.மீ. அருகிலேயே வைத்துவிடுவதுதான். வரைபடத்தில் அது கச்சிதமாகத் தோன்றும். ஆடும்போது கைக்கு ஊன்ற இடமின்றி அந்தரத்தில் தொங்கும்.

இடது ஓரத்திலிருந்து ஜாய்ஸ்டிக்கின் மையத்துக்குக் குறைந்தது 75 மி.மீ. விடுங்கள். பெட்டியின் பக்கப்பலகை மேலெழுந்து நிற்கும் வடிவமென்றால் இன்னும் கூடுதலாக விட வேண்டும். இடப்பக்கம் வேகமாகத் தள்ளும்போது விரல் கணுக்கள் அதில் மோதும்.

5. பொத்தான்கள்: விரல்களே வரைந்து காட்டும் வளைவு

கையை மேசையின் மேல் இயல்பாக வைத்துப் பாருங்கள். நடுவிரல் முன்னே நீண்டிருக்கும். சுட்டுவிரலும் மோதிரவிரலும் சற்றுப் பின்வாங்கியிருக்கும். பொத்தான்களை நேர்க்கோட்டில் அமைத்தால் மூன்று விரல்நுனிகளையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவர நடுவிரலை மடக்கவோ மணிக்கட்டை வெளிப்புறமாகத் திருப்பவோ வேண்டியிருக்கும். நேர்வரிசைப் பலகைகளில் கை சீக்கிரம் சோர்ந்துபோவதற்கு இதுவே காரணம்.

உங்கள் வளைவை நீங்களே கண்டுபிடிக்கலாம். கறுப்புத் தாளைப் பலகை இருக்கப்போகும் உயரத்திலும் சாய்விலும் ஒட்டுங்கள். வலக்கையின் மூன்று விரல்நுனிகளிலும் சாக்குத்தூளைத் தடவிக்கொண்டு, இடக்கை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்க, கண்ணை மூடி வலக்கையைத் தாளின் மேல் தளர்வாக இறக்குங்கள். கையை எடுத்துக் கீழே தொங்கவிட்டுவிட்டு மறுபடியும் இறக்குங்கள். ஐந்து முறை செய்தால் தாளில் மூன்று வெண்புள்ளிக் கூட்டங்கள் தெரியும். முதல் முறை விழுந்த புள்ளியை விட்டுவிடுங்கள். அப்போது கை எச்சரிக்கையாக இருக்கும். மற்ற நான்கும் பெரும்பாலும் ஒரு சிறிய நாணயத்தின் பரப்புக்குள் அடங்கிவிடும். அந்தக் கூட்டங்களின் நடுப்புள்ளிகளே உங்கள் மேல்வரிசையின் தொடக்கக் குறிகள்.

இப்போது அவற்றைப் பொத்தானின் உடல் அளவோடு பொருத்திப் பாருங்கள். 30 மி.மீ. பொத்தானின் மேல்விளிம்பு ஏறத்தாழ 33 மி.மீ. அகலம் இருக்கும். எனவே மையத்திலிருந்து மையத்துக்கு 36 முதல் 38 மி.மீ. வரை வைத்தால், பக்கத்துப் பொத்தானைத் தவறி அழுத்தாத அளவுக்கு இடைவெளியும், விரலை விரிக்க வேண்டாத அளவுக்கு நெருக்கமும் கிடைக்கும். திருகுவளையப் பொத்தான் என்றால் அடியிலுள்ள வளையத்தை அளந்து பாருங்கள். அது மேல்விளிம்பைவிட அகலமாக இருந்தால் இடைவெளியை அதற்கேற்பக் கூட்ட வேண்டும். அடியில் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்பதைத் துளையெல்லாம் போட்ட பிறகு கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் பொத்தானைவிட இரண்டாவது பொத்தான் பின்விளிம்பை நோக்கி 10 முதல் 20 மி.மீ. வரை உயர்ந்திருப்பதும், மூன்றாவது அதற்குச் சமமாகவோ சற்றுத் தாழ்ந்தோ இருப்பதும் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். உங்கள் வெண்புள்ளிகள் இதிலிருந்து வெகுவாக விலகினால், உயரத்தையும் நின்ற நிலையையும் மறுபடி சரிபாருங்கள். அதன் பிறகும் விலகினால் புள்ளிகளையே நம்புங்கள்.

கீழ்வரிசைக்குத் தனியாகச் சாக்குத்தூள் சோதனை வேண்டாம். மேல்வரிசையின் வளைவை அப்படியே 36 முதல் 40 மி.மீ. கீழே இறக்குங்கள். விரல்கள் மடங்கும்போது உள்ளங்கையை நோக்கிச் சாய்வாக வருவதால், கீழ்வரிசை முழுவதையும் 5 முதல் 10 மி.மீ. இடப்பக்கம் தள்ளினால் சிலருக்கு இன்னும் இதமாக இருக்கும். அதை அட்டையில் சோதித்து உறுதி செய்துகொள்ளலாம்.

ஜாய்ஸ்டிக்கின் மையத்துக்கும் முதல் பொத்தானுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? முன்கைகள் இரண்டும் முழங்கையிலிருந்து கிட்டத்தட்ட இணையாகவோ மிகச் சிறிதளவே உட்புறம் சாய்ந்தோ முன்னே செல்ல வேண்டும் என்பதே அளவுகோல். 100 மி.மீ.க்குக் கீழே போனால் இரு கட்டைவிரல்களும் இடித்துக்கொள்ளும். மணிக்கட்டுகள் வெளிப்புறமாகத் திரும்பும். ஒருவர் மட்டும் ஆடும் பலகையென்றால் 150 மி.மீ. அல்லது அதற்கு மேலும் தாராளமாக விடலாம். இருவர் ஆடும் பலகையில் இடநெருக்கடி இருப்பதால் 110 மி.மீ. அளவில் சமாதானம் செய்துகொள்ள நேரும்.

6. இரண்டாவது ஆட்டக்காரரின் பகுதி

ஒருவருக்குக் கண்டுபிடித்த அமைப்பை அப்படியே நகலெடுத்து வலப்பக்கம் வையுங்கள். கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வைக்கக் கூடாது. இரண்டாமவருக்கும் ஜாய்ஸ்டிக் இடக்கைக்கே வர வேண்டும். அழகுக்காகத் திருப்பி வைத்த பலகையில் இரண்டாவது இடத்தில் நிற்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பலகை 700 மி.மீ. அகலம். இடது ஓரத்திலிருந்து முதல் ஜாய்ஸ்டிக்குக்கு 75. அதிலிருந்து முதல் பொத்தானுக்கு 110. மூன்று பொத்தான்களுக்கிடையே 37 வீதம் இரண்டு இடைவெளிகள், அதாவது 74. ஆக, ஒருவரின் பகுதிக்கு ஜாய்ஸ்டிக்கின் மையத்திலிருந்து கடைசிப் பொத்தானின் மையம் வரை 184 மி.மீ. தேவை. வலது ஓரத்தில் 65 விட்டால், முதலாமவரின் கடைசிப் பொத்தானுக்கும் இரண்டாமவரின் ஜாய்ஸ்டிக்குக்கும் நடுவே 192 மி.மீ. மிஞ்சும்.

மிஞ்சும் இடத்தை ஓரங்களுக்குப் பகிர்ந்து கொடுக்காமல் நடுவிலேயே விடுங்கள். வெளிப்புற முழங்கைகள் பலகையைத் தாண்டி நீள முடியும். இருவரின் முழங்கைகளும் மோதிக்கொள்ளும் இடம் நடுப்பகுதி மட்டுமே. இந்தக் கணக்கில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளுக்கும் இடையே 376 மி.மீ. வருகிறது. 1982-இன் ரோபோட்ரான் 2084 போல ஒருவரே இரு ஜாய்ஸ்டிக்குகளால் ஆடும் விளையாட்டுக்கும் இந்தத் தூரம் தோள் அகலத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

நால்வர் பலகை செய்பவர்கள் ஓரத்தில் நிற்போரின் பகுதியைச் சாய்வாகத் திருப்புவது வழக்கம். பொத்தான்களைத் திருப்பலாம், ஜாய்ஸ்டிக்கைத் திருப்பக் கூடாது. ஆடுபவர் எந்தக் கோணத்தில் நின்றாலும் அவரது கண் திரையைத்தான் பார்க்கிறது. திரையில் ‘மேலே’ எதுவோ அதை நோக்கியே ஜாய்ஸ்டிக்கின் மேல்திசையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நேராகப் போக வேண்டிய பாத்திரம் ஓயாமல் மூலைவாட்டில் திரும்பிக்கொண்டிருக்கும்.

7. ஸ்டார்ட், காசு, வெளியேறும் பொத்தான்கள்

ஆட்டத்தின் நடுவே கை தவறிப் படவே முடியாத இடத்தில் இவை இருக்க வேண்டும். ஸ்டார்ட், காசு (காசு போட்டதாகக் கணினிக்குச் சொல்லும் பொத்தான்) ஆகிய இரண்டையும் 24 மி.மீ. பொத்தான்களாக எடுத்து, பலகையின் பின்விளிம்புக்கு அருகில், ஆட்டப் பொத்தான்களின் மேல்வரிசையிலிருந்து 80 மி.மீ.யாவது தள்ளி வையுங்கள்.

வெளியேறும் பொத்தானுக்கு இன்னும் கடுமையான கட்டுப்பாடு தேவை. எனது முதல் பலகையில் அதை ஸ்டார்ட் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே நிறத்தில், அதே அளவில் வைத்தேன். ஒரு மணி நேர ஆட்டம் கண்ணெதிரே மறைந்தபோது இரண்டாமவர் செய்ததெல்லாம் தானும் சேர்ந்துகொள்ளப் பொத்தானை அழுத்தியது மட்டுமே. அதை இப்போது பெட்டியின் முன்முகத்தில், பலகைக்குக் கீழே, மேற்பரப்புக்குள் அமிழ்ந்திருக்கும்படி வைக்கிறேன். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் மட்டுமே வெளியேறும்படி மென்பொருளில் அமைப்பதும் நல்ல ஏற்பாடு.

8. டிராக்பால், நான்கு திசை ஜாய்ஸ்டிக்

பட்டியலில் தேவை எழுந்திருந்தால் மட்டும் இந்தப் படியைச் செய்யுங்கள்.

டிராக்பால் என்பது உள்ளங்கையால் பந்தை உருட்டி ஆடும் கட்டுப்பாடு. அதன் பந்து 57 அல்லது 76 மி.மீ. விட்டத்தில் கிடைக்கிறது. பந்தின் அளவைவிட அதைச் சுற்றியுள்ள வெற்றிடமே முக்கியம். 1981-இன் சென்டிபீட் போன்றவற்றில் உள்ளங்கை பந்தை உருட்டிவிட்டு முன்னே பாய்ந்து செல்லும். அந்தப் பாதையில் ஸ்டார்ட் பொத்தான் இருந்தால் விரல் நேராக அதில் மோதும். நான்கு பக்கமும் 100 மி.மீ. வெறுமையாக விடுங்கள். இருவருக்கிடையே நடுவில் வைப்பதாக இருந்தால், மேலே கண்ட 192 மி.மீ. போதாது; பலகையை அகலமாக்கவோ டிராக்பாலை உயரே தள்ளவோ வேண்டும். அதன் அடிப்பெட்டி ஆழமானது என்பதையும் மறக்க வேண்டாம்.

பேக்-மேன், 1981-இன் டாங்கி காங் ஆகியவற்றை எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால், மூலையில் திரும்பும் கணத்தில் இரண்டு சுவிட்சுகள் ஒருசேர அழுந்திப் பாத்திரம் தயங்கி நிற்கும். பல ஜாய்ஸ்டிக்குகளின் அடியிலுள்ள சதுரக் கட்டுப்பாட்டுத் தகட்டை 45 பாகை திருப்பினால் அது நான்கு திசைக்கு மாறிவிடும். அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால், பின்பகுதியின் நடுவில் தனியாக ஒரு நான்கு திசை ஜாய்ஸ்டிக் வைப்பதே நிம்மதி.

9. அடிப்புறத்தை வரைந்து பாருங்கள்

மேற்பரப்பில் சரியாக இருக்கும் அமைப்பு அடியில் முட்டிக்கொள்ளலாம். ஜாய்ஸ்டிக்கின் இரும்புத் தகடு, டிராக்பால் பெட்டி, பொத்தான்களின் கழுத்து ஆகியவற்றின் வெளிவடிவத்தைத் தாளில் வெட்டி, குறித்த மையங்களில் வைத்துப் பாருங்கள். பெட்டியின் உட்சுவர், தாங்குகட்டை, கீல் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றும் 15 மி.மீ.யாவது விலகியிருக்க வேண்டும். கையும் திருப்புளியும் அங்கே நுழைய வேண்டும் அல்லவா?

தடித்த மரத்தின் அடியில் ஜாய்ஸ்டிக்கை அப்படியே திருகினால் அதன் தண்டு மரத்துக்குள் மறைந்து, குமிழ் பரப்போடு ஒட்டினாற்போல் குள்ளமாக நிற்கும். பிடிக்கும் விரல்கள் பலகையில் உரசும். அடிப்புறத்தில் தகட்டின் அளவுக்குக் குழி எடுத்து, மேலே 5, 6 மி.மீ. மரம் மட்டும் எஞ்சுமாறு செய்யுங்கள். அந்தக் குழியின் எல்லையையும் வரைபடத்தில் சேருங்கள்; பக்கத்துப் பொத்தானின் துளை அதற்குள் விழுந்தால் அந்த இடத்தில் மரம் வலுவிழக்கும்.

10. அட்டை மாதிரியில் குறைந்தது ஒரு மணி நேரம்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

தடித்த அட்டையில் எல்லா மையங்களையும் மாற்றி எழுதி, காம்பஸால் வட்டம் வரைந்து, கூரிய கத்தியால் வெட்டுங்கள். அழுத்திப் பொருத்தும் பொத்தான்கள் இரண்டடுக்கு அட்டையில் நன்றாகவே நிற்கும். ஜாய்ஸ்டிக்கை மட்டும் ஒரு மரத்துண்டில் திருகி அட்டைக்கு அடியில் அசையாமல் கட்டுங்கள். என்கோடரை (பொத்தான் அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் சிறு மின்பலகையை) இணைத்து, முடிவு செய்த உயரத்திலும் சாய்விலும் வைத்து, பட்டியலில் உள்ளவற்றில் கையை அதிகம் வருத்தக்கூடிய விளையாட்டை ஆடுங்கள். பத்து நிமிடம் போதாது. பிழையான பலகைகூட முதல் பத்து நிமிடங்களுக்கு இதமாகத்தான் இருக்கும்.

ஆடுபவரின் விரல்களைப் பார்ப்பதைவிட, ஆட்டங்களுக்கு இடையே அவர் கைகள் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். புதிதாகச் செய்த ஒருவரின் மாதிரியை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இடது மணிக்கட்டின் உட்பக்கத்தை வலது கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக்கொண்டார். கையைத் திருப்பச் சொன்னேன். மடிப்பின் குறுக்கே அட்டை விளிம்பின் சிவந்த கோடு ஒன்று பதிந்திருந்தது. ஜாய்ஸ்டிக்கை 25 மி.மீ. உள்ளே தள்ளினோம். அடுத்த அரை மணி நேரத்தில் அவர் கை மணிக்கட்டின் பக்கமே போகவில்லை.

அட்டையும் சாட்சி சொல்லும். ஆடி முடித்தபின் அதன் மேற்பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பொத்தானுக்கு வெளியே நகக்கீறல்கள் தெரிந்தால், விரல் அந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று பொருள். பொத்தானை அந்தத் திசையில் 3 முதல் 5 மி.மீ. நகர்த்துங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி ஆடுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணம் தந்தது என்று தெரியாமல் போகும்.

வீட்டில் ஆடப்போகும் மற்றவர்களையும் நிற்க வையுங்கள். கைகள் பெரிதும் மாறுபட்டால் சிறிய கைக்கு எட்டும் இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய கை நெருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், சிறிய கையால் நீள முடியாது.

11. துளையிடும் வரிசை

சோதனையில் தேறிய அட்டையிலிருந்தே மையங்களைத் தாளுக்கு மாற்றி, தாளைப் பலகையின் மேற்பரப்பில் ஒட்டுங்கள். மூலைமட்டத்தால் முன்விளிம்போடு இணையாக இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு மையத்தையும் மையக்குத்தியால் குத்துங்கள்.

முதலில் எல்லா மையங்களிலும் 3 மி.மீ. வழிகாட்டித் துளையைப் பலகையின் மறுபக்கம் வரை போடுங்கள். பிறகு அடிப்புறக் குழிகளை எடுங்கள். பெரிய துளைகள் கடைசியில்தான். இந்த வரிசை மாறவே கூடாது: 30 மி.மீ. துளையை முதலில் போட்டுவிட்டால், அடிப்புறத்தில் அதைவிட அகலமான குழியை எடுக்க ஃபார்ஸ்ட்னர் பிட்டின் நடுமுனைக்கு ஊன்ற மரமே இருக்காது. பிட் அலைந்து பலகையைக் கிழித்துவிடும்.

பெரிய துளைகளை மேற்பரப்பிலிருந்து போடுங்கள். அடியில் உதவாத மரத்துண்டை கிளாம்பால் இறுக்கி வைத்தால், பிட் வெளியேறும்போது அடிப்பக்கம் பிய்ந்து வராது. பெயிண்ட் அடிக்கும் எண்ணமிருந்தால் முதலில் உதவாத துண்டில் ஒரு துளை போட்டு, பெயிண்ட் அடித்து உலரவைத்து, பொத்தானை நுழைத்துப் பாருங்கள். பெயிண்டின் பூச்சு துளையைச் சிறிது சுருக்கும்.

மேலே அக்ரிலிக் தகடு போடுவதாக இருந்தால், துளையிட்ட பலகையையே அச்சாக வைத்து, தகட்டை அதன்மேல் இறுக்கி, உருளைத் தாங்கி உள்ள ரவுட்டர் (குடைந்து வெட்டும் மரவேலைக் கருவி) பிட்டால் துளைகளை வெட்டுங்கள். மரத்துக்கான தட்டைப் பிட்டால் அக்ரிலிக்கைத் துளைத்தால் விரிசல் விடும்.

முன்விளிம்பை 6 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள். முன்கை மணிக்கணக்கில் படிந்திருக்கப்போகும் இடம் அது.

12. பொருத்துதலும் கடைசிச் சரிபார்ப்பும்

ஜாய்ஸ்டிக்கின் தகடு முன்விளிம்புக்கு இம்மியும் பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். இரண்டு பாகை திரும்பினால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே தள்ளும்போது அவ்வப்போது மூலைத்திசை அழுந்தும். முதல் இரண்டு போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, மூலைமட்டத்தை வைத்து நேராக்கிய பிறகே எல்லாவற்றையும் இறுக்குங்கள். உள்ளங்கை படியும் இடத்தில் போல்ட் தலை வராதபடி, திருகுகளை அடியிலிருந்து போடுவது நல்லது. அப்போது திருகின் நீளம் எஞ்சியுள்ள மரத்தின் தடிமனைத் தாண்டக் கூடாது.

கம்பி இணைக்கும்போது புதியவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால், சுழல்மையத்துக்குக் கீழுள்ள தண்டு எதிர்த்திசையில் நகர்ந்து, ஆடுபவருக்கு அருகிலுள்ள மைக்ரோசுவிட்சை (அடியிலுள்ள சிறு சுவிட்சை) அழுத்தும். ஆகவே ‘மேலே’ என்ற கம்பி அருகிலுள்ள சுவிட்சுக்கே போக வேண்டும். மூன்று முனை மைக்ரோசுவிட்சில் பொது முனையையும், அழுத்தாதபோது திறந்திருக்கும் முனையையும் மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றாவது முனையில் மாட்டினால் பொத்தான் எந்நேரமும் அழுந்தியிருப்பதாகவே கணினி கருதும்.

பலகையைக் கீலில் திறக்கும் அளவுக்குக் கம்பிகளில் தளர்ச்சி விட்டு, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) ஆடுவதாக இருந்தால், அதன் இயல்பான அமைப்பில் முதலாமவருக்குக் காசு எண் 5 விசையிலும் ஸ்டார்ட் எண் 1 விசையிலும் இருக்கும். விசைப்பலகை வகை என்கோடரில் இவற்றையே வைத்துக்கொண்டால் மென்பொருளில் மாற்ற வேண்டிய வேலை குறையும்.

முதல் வாரம் திருகுவளையங்களைக் கையால் மட்டும் இறுக்கி வைத்து ஆடுங்கள். பொத்தானைத் திருப்பி மைக்ரோசுவிட்சின் திசையை மாற்றவோ, பக்கத்துக் கம்பியோடு உரசுவதைத் தவிர்க்கவோ அப்போது எளிதாக இருக்கும். வார இறுதியில் ஒருமுறை பலகையைத் திறந்து, தளர்ந்தவற்றைக் கால் சுற்று இறுக்கி, கம்பிகளைக் கட்டி மூடுங்கள்.